தண்ணீர் வழியும் வறட்சி

டவர் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கை இரண்டாம்பட்சம்; கண்தான் முதல். அந்தக் கண்ணில் மணலைப் போட்டு அரைப்பதுபோல் உறுத்துகிறதா? வாருங்கள், நானும் உங்கள் கட்சிதான்.

ஆறுதல்

தோஹாவில் ஒரு கட்டட வேலை. கேபினிலிருந்து இறங்கும்போது கண் சிவந்து, தண்ணீர் தாரையாக வழியும். நான் லீவு கேட்டுக் கிடைக்காதது கேம்ப் முழுக்கத் தெரியும். அழுகிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். கீழே பாரத்தைக் கட்டிச் சைகை காட்டும் முருகேசன், புதுக்கோட்டைக்காரன், தோளில் கை போட்டான்.

"அண்ணிக்கு ஒரு வீடியோ கால் போடுங்கண்ணே. நாங்க யாரும் பாக்கல."

வெள்ளை மருந்து

ரூமில் ஒருவர் சிவப்பை எடுக்கும் சொட்டு மருந்து தந்தார். கண் கொஞ்ச நேரம் வெளுக்கும். பிறகு முன்பைவிடச் சிவக்கும். சாயங்காலமானால் முருகேசனின் சைகையே கலங்கியது. பாரத்தை அந்தரத்தில் நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறக்கினேன். ஆபரேட்டர் கார்டைப் புதுப்பிக்கக் கண் பரிசோதனை வேறு நெருங்கியது. தேறாவிட்டால் கிரேன் கிடையாது, ஊருக்குத்தான் டிக்கெட். முருகேசனிடம் மட்டும் சொன்னேன்.

"கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு. வேற ஆள் ஓட்டுற கொக்கியில நான் கை வைக்க மாட்டேன், ஆமா!"

கைக்குட்டை சாட்சி

கண் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "கண் வறண்டிருக்கு" என்றார். நனைந்த கைக்குட்டையைக் காட்டினேன். அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். அது குறைந்தால் ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். உடனே கண் எரிச்சலில் தண்ணீரைக் கொட்டும். அது கண்ணில் தங்காமல் வழிந்துவிடும். பாரத்தையே இமைக்காமல் பார்ப்பதும், முகத்தில் அடிக்கும் ஏசி காற்றும் சேர்ந்து செய்த வேலை இது. சிவப்பு மருந்தை நிறுத்தச் சொன்னார். செயற்கைக் கண்ணீர், மூடிய இமைமேல் வெதுவெதுப்பான துணி, ஏசியைத் திருப்பி வைப்பது, நன்றாக மூடித் திறந்து இமைப்பது: இவ்வளவுதான் வைத்தியம். அடியோடு போகாதாம், ஆனால் விடாமல் கவனித்தால் அடங்கியிருக்குமாம். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. துணைக்கு வந்த முருகேசனுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை.

"டேங்க் நிரம்பி வழியுது, குழாயில தண்ணி இல்லேங்கிறீங்களே டாக்டரம்மா!"

புதுக் கட்டளை

இமைக்க மறந்துவிடுவேன். அதனால் பாரம் பத்திரமாகத் தரைதொட்டதும் முருகேசன் வாக்கிடாக்கியில், "இமை, அண்ணே, இமை!" என்பான். பெஷாவர்க்கார ஃபோர்மேன் இதைக் கேட்டுக் கேட்டு, 'பத்திரமாக இறங்கியது' என்பதற்குத் தமிழில் அதுதான் சொல் என்று எண்ணிக்கொண்டார். பரிசோதனையில் கடைசி வரிவரை வாசித்துத் தேறி, புதுக் கார்டை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 'முடிந்தது' என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்லும் அரபிச் சொல்லோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"கலாஸ், பாய்! இமை!"

சொந்தக் கண்ணீரால் ஆகாத காரியத்தைக் கடையில் வாங்கிய கண்ணீர் முடித்துக்கொடுத்தது.