ஏலக்கூடத்தில் நடந்த இண்டர்வியூ

கென்யாவில் மீனவர்களுக்கான திட்டம் ஒன்றில் வேலை. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துச் சும்மா கிடந்த எனக்கு அதை விட்டால் கதி இல்லை. வீடியோவில் இண்டர்வியூ. அன்று பார்த்து எங்கள் ஊர் பெரியதாழையில் கரண்ட் இல்லை. சிக்னல் கிடைத்தது கடற்கரை மீன் ஏலக்கூடத்தில்தான்.

"அண்ணாச்சி, கொஞ்சம் மெதுவா கூவுங்க" என்று ஏலம் விடுபவரிடம் கெஞ்சினேன்.

"ஏளா, நீ வெளிநாடு போற வரைக்கும் மீனு நாறாம இருக்குமா?" என்றார்.

போனில் இண்டர்வியூ எடுத்த அம்மா, சமூகப் பங்கேற்பு என்றால் என்ன என்று கேட்டார். படித்ததை ஒப்பித்தேன். அப்போது ஒரு வியாபாரி, தனியாக ஒதுக்கியிருந்த மீனில் கை வைத்தான். காய்ச்சலில் கடலுக்குப் போகாத அந்தோணி வீட்டுக்கு என்று எல்லா வள்ளக்காரர்களும் போட்ட மீன் அது.

"ஏலே, கைய எடு. அது அந்தோணி வீட்டுப் பங்கு" என்று கத்தினேன். அவன் முறைத்தான். மீனைத் திரும்பப் போடும்வரை நானும் விடவில்லை.

திரும்பினால், அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருக்கிறார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"என்ன சண்டை?" என்றார். சொன்னேன்.

"இதைத்தானே கேட்டேன்" என்றார்.

வேலை கிடைத்தது. இப்போது மொம்பாசாவில், மீனவர் ஒருவர்கூட இல்லாத ஏசி அறையில் மீனவர்களைப் பற்றிக் கூட்டம் போடுகிறோம். நான் பேசினால் குரலைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். அந்தக் குரலுக்குத்தான் வேலை கொடுத்தார்கள். எனக்கு அங்கே உட்காரவே முடியவில்லை.