வட்டியில்லாத கார்டும் ஆடி வெள்ளியும்

என் பெயரில் வங்கியில் ஒன்றரை லட்சம் ரூபாய் டெபாசிட் கிடந்த வரைக்கும் வீட்டில் முதல் தோசை எனக்குத்தான் வரும். மருமகள் கல்லிலிருந்து எடுத்து நேராக என் தட்டில் போடுவாள். "அத்தை, ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்பாள். அந்த மரியாதை டெபாசிட்டுக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டேன். தோசை சூடாகத்தானே இருந்தது.

அந்தப் பணத்தில் பாதி, என் வீட்டுக்காரர் செத்த பிறகு அவர் வேலை பார்த்த நூல் மில்லில் கொடுத்தது. மீதி, பனவடலிசத்திரத்தில் என் பங்குக்கு வந்த நிலத்தை விற்றது. நான் போனால் என் காரியத்துக்கு யாரும் கடன் வாங்க வேண்டாம் என்று போட்டு வைத்திருந்தேன்.

என் மகன் சங்கரன்கோவிலில் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறான். அவனிடம் கிரெடிட் கார்டு ஒன்று இருந்தது. மருமகளின் தம்பிக்கு வாசுதேவநல்லூரில் கல்யாணம் நடந்தபோது மோதிரம், பட்டு, ஃபிரிட்ஜ் எல்லாம் அந்தக் கார்டைத் தேய்த்துத்தான் வாங்கினான். நாங்கள் செய்த சீர் செய்முறையை மண்டபத்தில் மைக் வைத்து வாசித்தார்கள். மருமகள் கழுத்தை நிமிர்த்தி நாலு பக்கமும் பார்த்தாள். அன்று அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்குத்தான் பிறகு மாதாமாதம் வட்டி கட்டினோம். கட்டக் கட்ட பாக்கி குறையவில்லை, கூடியது.

அப்போதுதான் மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு கார்டில் இருக்கிற கடனை வேறொரு வங்கியின் கார்டுக்கு மாற்றிக்கொண்டால், சில மாதங்களுக்கு வட்டி கிடையாதாம். பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்று பெயர் சொன்னான். கடையிலிருந்து வந்ததும் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வங்கியாகப் பேரம் பேசுவான். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏம்மா, மூணு மாசம்னா எனக்கு வேண்டாம். இன்னொரு பேங்க்ல ஆறு மாசம் தாரோங்காங்க."

"ஆறு மாசம்னா பிராசஸிங் ஃபீஸ் கூட வரும் சார்."

"அதைக் கொறைச்சிப் போடு. எங்க ஊரு பூ மார்க்கெட்ல நேரம் போச்சின்னா பாதி வெலைக்குத் தள்ளுவாங்க."

"இது வாடாது சார்" என்றாள் அந்த வங்கிப் பெண். மகனே சிரித்துவிட்டான்.

கடைசியில் ஆறு மாதம் வட்டி இல்லாமல் தருகிற ஒரு வங்கி அமைந்தது. ஆனால் அவனுக்குப் பழைய பாக்கி இருப்பதால் வெறும் கைக்குக் கார்டு தரமாட்டார்கள். அவன் பெயரில் டெபாசிட் போட்டால், அதை ஈடாக வைத்துத் தருவார்கள். அன்று மருமகள் இஞ்சி தட்டிப் போட்டு எனக்கு டீ கொண்டுவந்தாள். மகன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் அப்படி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் இருக்கும்.

வங்கிப் பெண் ஸ்பீக்கரில் சொன்னதை மூன்று பேரும் கேட்டோம். "மாசத் தவணை தேதி தவறக் கூடாது சார். தவறினா வட்டியில்லாத சலுகை போயிடும். முழுப் பாக்கிக்கும் வட்டி ஏறும். அப்பவும் கட்டலைன்னா டெபாசிட்ல எடுத்துக்குவாங்க."

"தவறாதுல்லாலே?" என்று கேட்டேன்.

"ஆறே மாசம்மா. முடிச்ச கையோட ஒம்பேருக்கே மாத்தித் தந்திருதேன்."

"பெத்த மகன்ட்டயே உறுதி கேக்காவ பாருங்க" என்று மருமகள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு வெட்கப்பட்டு, என் டெபாசிட்டை எடுத்து அவன் பெயரில் போட மறுநாள் வங்கிக்குப் போனேன். "சம்மதந்தானா பாட்டி?" என்று அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை கேட்டார். வெளி ஆண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. தலையை ஆட்டினேன்.

முதல் இரண்டு தவணை ஒழுங்காகப் போனது. மூன்றாவது தவணைக்கான தேதி ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மகன் பணம் அனுப்பச் செல்போனை எடுத்தான். பணம் அவன் கணக்கில் தயாராகக் கிடந்தது. மருமகள் வீடு துடைத்து, அம்பாள் படத்துக்குப் பிச்சிப்பூ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஆடி வெள்ளியும் அதுவுமா துட்டை வெளிய அனுப்புதிய? வீடு வெளங்குமா?"

அவன் போனைக் கீழே வைத்துவிட்டான். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை யாரும் பணம் கொடுக்க மாட்டார்கள். முன்பெல்லாம் வாரவட்டி வாங்க வரும் அண்ணாச்சி கூட அன்றைக்கு எங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை வந்து, ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போவார்.

"தேதி இன்னைக்குன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே" என்று அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அத்தைக்கு டெபாசிட்டு கால் மொளைச்சி ஓடிருமோன்னு பயம்" என்றாள் மருமகள்.

"யம்மா, பேங்க்காரன் என்ன பேயா? ஒருநாள் பொறுக்க மாட்டானா?"

சனிக்கிழமை அவன் கடையிலிருந்து வரும்போது விளக்கேற்றியாகிவிட்டது. விளக்கு வைத்த பிறகும் கொடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மருமகளின் சொந்தக்காரர்கள் வந்து, திங்கட்கிழமையும் தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு ஆக்கிப்போட்டதில் கார்டு யாருக்கும் நினைவில்லை. மறுநாள் செவ்வாய், அதுவும் ஆகாது. புதன்கிழமைதான் கட்டினான். வட்டியில்லாத சலுகை ரத்து என்று சாயங்காலம் செய்தி வந்தது.

மகன் வங்கிக்கு போன் போட்டான். "ஏம்மா, வெள்ளிக்கெழமை ஒங்க வீட்ல துட்டு குடுப்பியளா? நீயே சொல்லு."

"எங்க வீட்லயும் குடுக்க மாட்டோம் சார். ஆனா சிஸ்டத்துக்கு வெள்ளி செவ்வாய்லாம் கிடையாது சார்."

"அப்ப அந்தச் சிஸ்டத்துட்டயே வாங்கிக்கோ. இனிமே ஒரு பைசா கட்ட மாட்டேன்."

கோபத்தில் பேசுகிறான், இரண்டு நாளில் சரியாகிவிடுவான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வங்கியிலிருந்து வந்த போனையெல்லாம் கட் பண்ணினான். எனக்கு அப்போதும் தோசை முதலில்தான் வந்தது.

பிறகு ஒருநாள் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். உள்ளே மருமகள் அவள் அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் இருப்பது தெரியும். குரலைத் தணிக்கவில்லை.

"எல்லாம் முடிஞ்சிட்டும்மா. கெழவி துட்டுல கழிச்சிக்கிட்டாங்க. நம்ம கையில இருந்து ஒண்ணும் போகல. நல்ல வேளை, அன்னைக்கு வெள்ளிக்கெழமையாப் போச்சி."

கீரையை உருவி முடித்து, காம்பை எடுத்துப் போட்டுவிட்டு, மகன் வரும்வரை அங்கேயே இருந்தேன். "ஏலே, என் துட்டு?" என்று கேட்டேன்.

அவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ செத்தா ரோட்டுலயா போட்டுருவோம்?"

நான் பெற்ற வாய் அது. பால் மறக்கும் முன்பே கடித்த வாய்தான். ஆனால் அப்போது பல் முளைத்துக்கொண்டிருந்தது என்று ஒரு காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு மாவுச் சட்டியை வழித்து ஊற்றுகிற கடைசித் தோசைதான். பிய்ந்ததும் ஆறியதுமாக வரும். சில நாள் இரவில் அதுவும் இல்லை. "வயசானவங்க ராத்திரி பட்டினி கெடந்தா நல்லதாம், போன்ல ஒரு டாக்டர் சொல்லுதாரு" என்று மருமகள் சொல்வாள். மகன் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டுவான்.

போன மாதம் எனக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகையைத் தபால்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் மகன் போனும் கையுமாக என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். புது டிவி வாங்கியதில் பழைய கார்டில் மறுபடியும் பாக்கி ஏறியிருந்தது.

"யம்மா, இன்னொரு பேங்க்ல ஒம்போது மாசம் வட்டி கெடையாதாம். இன்னைக்குத்தான் கடைசித் தேதி. டெபாசிட் போட ஆயிரம் ரூவா கொறையுது. ஒன் பென்சன் துட்டைத் தா, அடுத்த வாரம் தந்திருதேன்."

அவன் பேசி முடிப்பதற்குள் மருமகள் வந்தாள். கல்லிலிருந்து எடுத்த முதல் தோசை. ஓரமெல்லாம் முறுகி, நெய் கூட விட்டிருந்தாள். "ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க அத்தை."

அவசரப்படாமல் முழுவதும் சாப்பிட்டேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்லா" என்றேன்.

"யம்மா, வெளையாடாத."

"நாளைக்குத் தாரேன்."

"நாளைக்கு அந்த ஆஃபர் இருக்காதும்மா!"

"தெரியும்லே" என்றேன்.

மருமகள் என் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது தோசை வரவில்லை.