ஒரே கொடியில் பிறந்த கிடேரி

‘தானே’ புயல் அடித்த மறு வருஷம் தனத்தின் மாடு இரட்டைக் கன்று போட்டது. முதலில் காளை, பின்னாலேயே கிடேரி. முந்திரி போச்சு, பலா போச்சு என்று ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரம். தனத்தின் கொட்டகைக்கு மட்டும் மகாலட்சுமி வழி தெரிந்து வந்துவிட்டாள் என்றார்கள். இரண்டு கன்றுக்கும் சேர்த்து விழுந்த இளங்கொடி, அந்த நஞ்சுக்கொடி, ஒன்றுதான். ஆனால் நல்ல கனம். அதைப் பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டின் மடி வற்றாது என்பது வழக்கம். வைக்கோலில் சுற்றிச் சாக்கில் போட்டு, புயலுக்குத் தப்பி நின்ற ஆலமரத்தில் தன் கையாலேயே கட்டிவிட்டு வந்தாள்.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே அவர்கள் வீடு. புருஷன் சாமிக்கண்ணு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. தனம் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் பால் ஊற்றுவாள். மேய்ச்சல் நிலமெல்லாம் சுரங்கத்துக்குள் போன ஊரில் வைக்கோல்கூட விலைக்குத்தான். எத்தனை வாய்க்குத் தீனி போடுவது? காளைக்கன்று முதலில் போனது. கிடேரி பால்குடி மறந்ததும் தாயையும் வடலூரில் ஒரு வீட்டுக்கு விற்றாள். கிழடு தட்டும் மாட்டை வைத்துக்கொண்டு இளங்கிடேரியை எவளாவது விற்பாளா? எல்லாரும் அவள் செய்ததுதான் சரி என்றார்கள்.

கிடேரிக்குச் சிட்டு என்று பெயர் வைத்தாள். கயிறே வேண்டாம், தனம் முன்னால் நடந்தால் பின்னால் வரும். பால் ஊற்றிய வீடுகளிலேயே பாத்திரம் தேய்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதை வளர்த்தாள். உடம்பு வாட்டசாட்டமாக ஏறியது. சினைப் பருவம்தான் வரவில்லை. பருவத்துக்கு வந்த கிடேரி கத்தி ஊரைக் கூட்ட வேண்டாமா? இது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நின்றது. முளைகட்டிய பயறு கொடுத்தாள். கண் பட்டிருக்கும் என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் மூஞ்சியிலேயே ஒன்று வைத்தாள். அது அடித்த கையையே நக்கியது. அதற்கும் சேர்த்துத் திட்டினாள்.

கடைசியில் மாட்டு டாக்டர் சண்முகசுந்தரத்தைக் கூட்டிவந்தாள். அவர் கையை விட்டுச் சோதித்துவிட்டு, கூடப் பிறந்தது காளையா என்று கேட்டார். ஆமாம், இரண்டுக்கும் ஒரே கொடி, நானேதான் மரத்தில் கட்டினேன் என்று தனம் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். பிறகு பக்குவமாக எடுத்துச் சொன்னார். அந்தக் கொடி வழியாகத்தான் அண்ணன் ரத்தம் தங்கைக்குள் வந்திருக்கிறது. அதிலிருந்த ஆண் சுரப்பு இதன் கர்ப்பப்பையை வளரவிடாமல் செய்துவிட்டது. எல்லாம் தாய் வயிற்றுக்குள்ளேயே முடிந்துபோன காரியம்.

“ஊசி போட்டா சரியாவாதா சார்?”

“ஊசி போட்டா மருந்துதாம்மா உள்ள போவும். அத வாங்கிக்கிற எடமே இதுக்கு உருவாகல. உன் வளர்ப்புல ஒரு குத்தமும் இல்ல.”

தனத்துக்கு அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. “ஒண்ணும் பண்ணாத புள்ளயவா இத்தினி நாளா திட்டிக்கினு கெடந்தேன்?” என்றாள்.

விற்ற வீட்டில் தாய் மறுபடியும் ஒரு கிடேரி போட்டதாகச் சேதி வந்தது. இலவு காத்த கிளி கதைதான், வேறென்ன? அந்த வருஷமே சாமிக்கண்ணுவுக்குக் காண்ட்ராக்ட் முடிந்தது. உலை வைப்பதே பாடாக இருக்கும் வீட்டில், சினை நிற்காத மாட்டுக்கு யார் தீனி போடுவது? தரகர் சிங்காரவேல் கேரளாவுக்குப் போகிற லாரியோடு வந்தார். அடிமாட்டு லாரி என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சிட்டு ஏற மறுத்தது. இரண்டு பேர் வாலை முறுக்கினார்கள். கம்பால் முதுகில் போட்டார்கள். காலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்த தனத்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வெளியே வந்தாள்.

“அடிக்காதீங்க. நான் ஏத்தி வுடறேன்.”

லாரியில் சாய்த்திருந்த பலகைமேல் தனம் முதலில் ஏறினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மாதிரி சிட்டு அவள் பின்னாலேயே ஏறி வந்தது. கழுத்தைத் தடவிக்கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி இறங்கினாள். சிட்டுவும் கூடவே இறங்கத் திரும்பியது. அதற்குள் பின்கதவைச் சாத்திவிட்டார்கள்.