தூங்கும் பிள்ளையைப் பார்க்கலாமா?

இந்த ஊரில் அரசாங்கமே வீடு தேடி ஆள் அனுப்பி, "நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்கிறது. சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்க ஹெல்த் விசிட்டர் என்று ஒருவர் வருவார். எனக்கு வந்தவர் பெயர் ஃபியோனா. வாசலில் ஷூவைக் கழற்றினார், என் மகளின் எடையைப் பார்த்தார். சரி, கிளம்பிவிடுவார் என்று நான் எழுந்தால், அவர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு என்னைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். இந்த அம்மாவுக்கு வேறு சோலியே இல்லையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

கொடைக்கானல் பக்கம் பேத்துப்பாறையில் என் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது வீடே அவளைச் சுற்றித்தான் கிடந்தது. மலைப்பூண்டு உரித்துக் குழம்பு வைத்தார்கள், குளிருக்குக் கரியடுப்பு மூட்டினார்கள். நர்ஸ் வந்து தையல் ஆறிவிட்டதா, பால் சுரக்கிறதா என்று கேட்டார். உடம்பைப் பற்றிக் கேட்க எதுவும் பாக்கியில்லை. அவள் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை மட்டும், "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா" என்று விட்டுவிட்டார்கள்.

"பாப்பா தூங்கும்போது பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுமா?" என்று கேட்டார் ஃபியோனா.

"சேச்சே, பார்க்கவே மாட்டேன்" என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. தூங்கும் பிள்ளையைப் பெற்றவளே உற்றுப் பார்க்கக் கூடாது, முதலில் படுவது தாய்க் கண்தான் என்பதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே! கன்னத்து மைப் பொட்டைக் காட்டினேன். எடை பார்க்கும்போது அழுக்கு என்று நினைத்து அதைத் துடைக்கப் போனவர் அவர். "ஓ, அழகாக இருப்பதால் பார்ப்பதில்லையா!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

ஏனென்றால் நான் சொன்னது பொய். கண் படும் என்பதற்காக நான் பார்க்காமல் இருக்கவில்லை. பார்க்கவே பிடிக்கவில்லை. யாரோ தங்கள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போய்விட்டது மாதிரி இருந்தது. நம் ஊர் வழக்கம் நல்ல சாக்காக வாய்த்திருந்தது. இதையெல்லாம் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று இங்குள்ள நம் ஆட்கள் வேறு பயமுறுத்தியிருந்தார்கள். இருந்தும் சொல்லிவிட்டேன். ஃபியோனா எதையும் பிடுங்கவில்லை. "இது நிறையப் பேருக்கு வரும். நீங்கள் கெட்ட அம்மா இல்லை" என்றார். டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். அடுத்த வாரம் மறுபடி வருவதாகச் சொன்னார்.

அவர் போன கையோடு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். எப்படிச் சொல்வது? இங்கே இதற்கு போஸ்ட்நேட்டல் டிப்ரஷன் என்று பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தமிழில் தேடினால் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

"மனசு சரியில்லம்மா."

"ஏன்டி, மாப்ள ஏதும் சொன்னாரா?" என்று பாய்ந்தாள். நம் ஊரில் மனசு சரியில்லை என்றால் அதற்கு ஒரு ஆள் காரணமாக இருந்தே தீர வேண்டும். பாவம் என் கணவர்.

"யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. புள்ளையப் பாக்கவே பிடிக்கல. இங்க வந்த நர்ஸம்மாகிட்ட சொல்லி அழுதுட்டேன்."

அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். காட்டில் பீன்ஸ் பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஒன்னையப் பெத்தப்ப எனக்கும் அப்படித்தான் கெடந்துச்சு" என்றாள். "தொடவே பிடிக்காது. வெள்ளனே எந்திரிச்சு காட்டுக்கு ஓடிருவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல."

கேட்க வலித்தது. வலியைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, என் கையில் போன்தான் இருந்தது.

"அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமாடி?"

"தெரியாதும்மா."

"அப்ப அவுக அடுத்து வர்றப்ப என்னையும் கூப்பிடு. நான் சொல்லச் சொல்ல நீ இங்கிலீசுல சொல்லு."