மரண காரியங்களுக்கு மட்டும்

போன மாதம் எங்கள் லேனில் ஒரு அதிசயம் நடந்தது. பத்து மாதமாக நடக்காத ஒரு வேலை, ஒரே காலையில் நடந்து முடிந்தது. காரணம்? ஒருவர் காலமாகிவிட்டார்.

அம்பிட்டியவில் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். வாகனம் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் படிதான். அறுபத்து மூன்று படி. நாயன்மார் கணக்கு என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு சிவநாமம் சொல்லித்தான் நான் ஏறுவேன். மழைக் காலத்தில் பாசி படிந்த அந்தப் படியில் பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் கிடையாது. கடவுளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று இருபது குடும்பம் இருக்கிறோம். எல்லோருக்குமாக ஒரு நலன்புரிச் சங்கம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எங்கள் சங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். லேனில் யாராவது கண்ணை மூடட்டும்... அரை மணித்தியாலத்தில் வெள்ளைக் கொடி பறக்கும். கூடாரம் வரும், கதிரை வரும், தேத்தண்ணீர் கொதிக்க வைக்கப் பெரிய பொய்லர் வரும். மாதக் கணக்கில் இருட்டாகக் கிடந்த லைட்டெல்லாம் பளிச்சென்று எரியும். எங்கள் லேனில் ஒரு பல்ப் மாற வேண்டுமென்றால், ஒரு ஆள் குறைய வேண்டும்.

நானும் அந்த நிர்வாக சபையில் இருக்கிறேன். 'மகளிர் பிரதிநிதி' என்று பதவி. தேத்தண்ணீர் ஊற்றுவது வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று கேட்காதீர்கள். யாருக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரிந்தால் போதும்.

இனி ராமையா அண்ணனின் விஷயத்துக்கு வருகிறேன்.

டவுனில் ஒரு பேக்கரியில் இருபத்தைந்து வருடம் பாண் சுட்டவர். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நாற்பதாவது படி. இப்போது சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இன்னொரு தடவை தவறினால் மூச்சு முட்டும். அதற்குப் பிறகு நடப்பதை நான் எழுதத் தேவையில்லை.

அந்த மனிதர் போன வருட மழையில் படியில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. தைரியம் தப்பவில்லை.

அவருடைய மனைவி சரோஜா அக்கா எங்கள் குசினிக்கு, அடுப்படிக்கே வந்து நின்றார். "தங்கச்சி, மனுசன் செருப்பையே போட மாட்டேங்கிறாரு. படியப் பாத்தாலே கால் நடுங்குதாம். தூக்கிட்டுப் போக ரெண்டு பேரக் கூப்பிடுறேன்னு சொன்னா, அதுக்கு ரோசம் விடமாட்டேங்குது. இனி ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு."

படிக்கு ஒரு கைப்பிடி இருந்தால் போய்விடுவார். கேட்டது அவ்வளவுதான். சரோஜா அக்கா சங்கத்துக்குக் கடிதமும் கொடுத்திருந்தார். அதற்குத்தான் அந்தப் பத்து மாதம். அத்தனை நாளும் சரோஜா அக்கா அழுது கெஞ்சி, அவரைப் படிப்படியாக உட்கார்த்தி உட்கார்த்தி இறக்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக ஒரு நிமிட மௌனம். பிறகு போன கூட்டத்தின் அறிக்கை. அதை ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய வேண்டும். பிறகு பெயர்ப்பலகை பச்சையா நீலமா என்று இரண்டு மணித்தியாலம். கடைசியில் 'வேறு விடயங்கள்'. கைப்பிடி அதற்குள் இருக்கும். சரியாக அந்த இடத்தில் நான் தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வருவேன். எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தலைவர் ஐயா ஃபைலை மூடிவிடுவார்.

ஒரு தடவை நிஜமாகவே பேசினார்கள். படியை அளந்து வர மூன்று பேர் கொண்ட உபகுழு போட்டார்கள். உபகுழு அளந்து, அறுபத்திரண்டு படி என்று அறிக்கை கொடுத்தது. இல்லை, அறுபத்து மூன்று என்று ஒருவர் எழும்பினார். அதை விசாரிக்க இன்னொரு உபகுழு...

நான் என்ன செய்தேன்? கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றினேன். கூட்டத்தில் வாய் திறந்தேனா என்றால், இல்லை. முருகனிடம் கேட்பது சுலபம். நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டார் பாருங்கள்.

அப்போதுதான் உச்சி வீட்டுச் சிங்களப் பெரியவர் பண்டார மாத்தயா காலமானார். தொண்ணூறு வயது. தூக்கத்திலேயே போன நல்ல சாவு. ஆனால் பெட்டியை எப்படி இறக்குவது? தூக்குகிறவர்கள் வழுக்கினால் சங்கத்தின் மானம் என்னாவது?

தலைவர் ஐயா ஒரு வார்த்தைதான் சொன்னார். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் எங்கள் செயலாளர் பௌசர் நானா கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். சங்கத்து ஸ்டோரில் கூடாரத்துக்கென்று வைத்திருந்த இரும்பு பைப்பெல்லாம் வந்தது. படியோரம் நெடுக அடித்து இறக்கினார்கள். குறுக்கே பைப் வைத்து நட்டு முடுக்கினார்கள். பாசியைச் சுரண்டினார்கள். பகல் சாப்பாட்டுக்கு முன்னால், மேலிருந்து கீழ்வரை கைப்பிடி. உபகுழு இல்லை. வழிமொழிந்தவர் இல்லை. எத்தனை படி என்று எண்ணிப் பார்த்தவரும் இல்லை.

பெட்டி பத்திரமாக இறங்கியது.

அதற்கு மறுநாள் ராமையா அண்ணனும் இறங்கினார். ஒரு கையில் ஆஸ்பத்திரிக் கொப்பி, மறு கையில் பைப். எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "பண்டார மாத்தயா புண்ணியவான் தங்கச்சி. போறப்ப எனக்கு ரோட்டப் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பண்டார மாத்தயாவுக்காகப் பிக்குமாருக்கு அன்னமிடும் ஏழாம் நாள் தானம் முடிந்தது. மறுநாள் காலை பூஜையறையில் இருக்கும்போது வெளியே டங்... டங்... என்று சத்தம். எட்டிப் பார்த்தால், பௌசர் நானா ஸ்பேனரோடு குந்தியிருக்கிறார். பக்கத்தில் ஃபைலோடு தலைவர் ஐயா. கீழ்ப் படியிலிருந்து கழற்றத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த நாள் ராமையா அண்ணனுக்கு ஆஸ்பத்திரி நாள்.

கற்பூரத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். இது இப்படியே இருக்கட்டுமே ஐயா என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சங்கத்தில் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன்.

பௌசர் நானா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கும் மனசில்ல தங்கச்சி. தலைவர் சொல்லீக்கிறார், நான் என்ன செய்ய" என்று முணுமுணுத்தார்.

தலைவர் ஐயா அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்து பென்ஷன் எடுத்தவர். கோபப்படவே மாட்டார். ஃபைலைத் திறந்து, சங்கத்துச் சட்டதிட்டமான யாப்பில் உள்ளதை விரல் வைத்து எனக்குக் காட்டினார். இந்தப் பொருட்கள் மரண காரியங்களுக்கு மட்டும். வேறு தேவைக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களாம். கைப்பிடி விஷயம் தனியாகப் பரிசீலனையில் இருக்கிறதாம்.

சத்தம் கேட்டுச் சரோஜா அக்கா வெளியே வந்தார். சண்டை போடப் போகிறார் என்று பயந்தேன். இல்லை. அமைதியாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர் செத்துப்போனா இதத் திரும்பக் கட்டுவீங்கதானே?"

தலைவர் ஐயாவின் முகம் மலர்ந்தது. அப்பாடா, பதில் தெரிந்த கேள்வி. "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? நிச்சயமா கட்டுவோம். அதுல ஒரு குறையும் வைக்கமாட்டோம்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது போலிருக்கிறது. பௌசர் நானாவின் கையில் இருந்த ஸ்பேனர் அசையவில்லை.

"அப்ப இருக்கட்டும் ஐயா," என்றார் சரோஜா அக்கா. "இதக் கழட்டினா அந்தக் காரியத்துக்கு ரொம்ப நாள் எடுக்காது. உங்களுக்கு எதுக்கு ரெண்டு தடவ சிரமம்."

தலைவர் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். பௌசர் நானா கேட்காமலேயே, கழற்றிய நட்டைத் திரும்ப முடுக்கத் தொடங்கினார்.

ஆனாலும் சங்கம் சங்கம்தானே. சும்மா விட முடியுமா? அடுத்த கூட்டத்தில் அறிக்கைப் புத்தகத்தில் இப்படி எழுதினார்கள்: 'அங்கத்தவர் ராமையா அவர்களுக்குரிய மரண உதவியின் ஒரு பகுதி முன்கூட்டியே வழங்கப்பட்டது.' முன்மொழிந்தவர் பௌசர் நானா. வழிமொழிந்தவர் நான். யாப்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தார்.

இதைக் கேட்டு ராமையா அண்ணன் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "செத்தாத்தான் கெடைக்கிறத உயிரோட வாங்கின மொத ஆளு நான்தான்" என்றார். வாரத்துக்கு இரண்டு நாள் போகிறார், வருகிறார். சில நாள் பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். ஆனால் போகிறார்.

பாடைக்குத் தோள் கொடுக்க எங்கள் லேனில் ஆள் பஞ்சம் இல்லை. நடக்கிறவனுக்குக் கை கொடுக்கத்தான் தீர்மானம் வேண்டியிருக்கிறது. இதில் நானும் சேர்த்திதான். பத்து மாதமாக அந்த மனிதருக்காக இறைவனிடம் மன்றாடியவள், முன்னால் உட்கார்ந்திருந்த பதினோரு பேரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. முருகன் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

நேற்றுப் பின்னேரம் நல்ல மழை. தலைவர் ஐயா பஸ்ஸால் இறங்கி வந்தார். அவருக்கும் முழங்கால் வருத்தம் இருக்கிறதாம், எனக்கு இதுவரை தெரியாது. ஒரு கையில் குடை, மறு கையில் சங்கத்துப் பைப். இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

உயிரோடுதான்.