கோணியில் அடங்காதவன்

எங்கள் பக்கம் வேண்டாத பூனையைக் கோணியில் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுவார்கள். போகிற வழியைப் பார்க்காவிட்டால் திரும்பி வரத் தெரியாது என்று ஒரு கணக்கு. எங்கள் வீட்டில் இருந்ததோ கிரேட் டேன் சாதி நாய். நின்றால் என் இடுப்பு உயரம் இருப்பான். அவனை எந்தக் கோணியில் அடைப்பது? அதனால்தான் என் வீட்டுக்காரர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியைப் பிடித்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவனை வாங்கியதே ஒரு முட்டாள்தனம். வடக்கனந்தலில் எங்களுக்கு மக்காச்சோளக் காடு. கதிர் பிடித்தால் போதும், மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி வந்து துவம்சம் செய்துவிட்டுப் போகும். ஊரில் எல்லோரும் நாட்டு நாய் வைத்துச் சமாளித்தார்கள். இவர் மட்டும், நாய் பெரிதாக இருந்தால் பன்றிக்குப் பயமும் பெரிதாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, சேலத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்தார். அது வளர்ந்தது, வளர்ந்தது, நிறுத்தவே இல்லை. கட்டிலில் எனக்கு இடம் போயிற்று. குனிந்து தின்ன அவனுக்குச் சிரமம் என்று சட்டியை முக்காலி மேல் வைத்து நான்தான் சோறு போடுவேன். குக்கர் விசில் அடித்தால் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள ஓடிவருவான். முகத்தை மறைத்தால் மீதி நாய் முழுக்க வெளியே நிற்கும்.

கதிர் முற்றிய சமயம், ஒரு சாயங்காலம் அவனைக் காட்டில் கட்டிவைத்தார். பன்றி உறுமிய சத்தத்துக்கே சங்கிலியை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தான். கட்டிலுக்கடியில் புகுந்ததில் கட்டில் மேலே எழும்பிவிட்டது. மறுநாள் டீக்கடையில் இவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாண்ணே, ஒங்க குதிர பன்னியப் பாத்துட்டு கட்டலத் தூக்கிக்கினு ஓடுச்சாமே?"

சோளம் போனதைத் தாங்கிக்கொண்டார். இந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவனைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை.

தம்பி மகளுக்குக் காது குத்து என்று நான் எலவனாசூர்கோட்டைக்குப் போய் வந்தேன். வந்து பார்த்தால் கொல்லை வெறிச்சென்று கிடந்தது.

"எவனோ பட்டாசு வெடிச்சான், பயந்துகினு ஓடிட்டான். தேடாத எடமில்ல" என்றார்.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பட்டாசுக்கு ஓடுகிறவன்தான் அவன். என்னை பைக்கில் பின்னால் உட்காரவைத்து, சங்கராபுரம் வரைக்கும் தெருத்தெருவாகக் கூட்டிப்போனார். நான் தொண்டை கட்டக் கத்தினேன். அவரும் கூடவே கத்தினார். கல்லூரியில் படிக்கும் என் மகள், அவன் என் மடியில் தலை வைத்திருந்த படத்தைத் தேடி எடுத்து, 'காணவில்லை' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். அவன் கிடைத்தால் பொங்கல் வைக்கிறேன் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். தேங்காய் உடைத்தவர் இவர்தான்.

பிறகு ஒரு காலையில் இவர் குளித்துக்கொண்டிருக்கும்போது இவர் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஐயா இல்லீங்களா? கல்வராயன் மலையிலேர்ந்து பேசறங்க. ஐயா குடுத்துட்டுப் போன நாய் எத வெச்சாலும் மூஞ்சத் திருப்பிக்குதுங்க. இன்னா குடுக்கறதுங்க?"

"தயிர்சோறு நல்லா கொழையப் பெசஞ்சி குடுங்க. தரையில வெக்காதீங்க, முக்காலி மேல வெச்சாதான் துன்னும்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் 'ஐயா குடுத்துட்டுப் போன' என்று சொன்னது உறைத்தது.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கேட்டேன். மறைக்கவில்லை. "நீ அழுவன்னுதான் சொல்லல" என்றார். அவன் போனதிலிருந்து நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேனாம்?

"ஒனக்கும் தெரியுமாடி?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பாதாம்மா சொல்லாதன்னாரு."

"அப்ப அந்த ஸ்டேட்டஸு?"

"ஒனக்கு மட்டும் தெரியற மாதிரி வெச்சேன்."

இவர் ஏமாற்றியதுகூட ஆறிப்போகும். பெற்ற பெண், என் ஒருத்தியை ஏமாற்றுவதற்கென்றே உட்கார்ந்து படம் தேடியிருக்கிறாள். இந்த வீட்டில் எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான், அவனைக் கூட்டி வந்தே தீருவேன் என்றேன்.

அதே குட்டியானையில் மலை ஏறினோம். இவரே ஓட்டினார், நான் முன்சீட்டில் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். மரவள்ளிக் காட்டின் ஓரத்தில் ஒரு பலாமரத்தில் கட்டியிருந்தார்கள். விலா எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஊளையிட்டான். அவிழ்த்ததும் வந்து முழு உடம்பையும் என் மேல் சாய்த்தான். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

இவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, "டேய், ஏறு" என்றார்.

கூப்பிட்ட குரலைக் கேட்டதும் என்னை விட்டுவிட்டு ஓடினான். ஒரே தாவில் ஏறினான். தன்னை இதே வண்டியில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போன மனிதரின் முகத்தை, காது கழுத்தெல்லாம் விடாமல் நக்கினான். வால் அடித்த அடியில் வண்டித் தகரம் டமடமவென்று அதிர்ந்தது.

"பாத்தியா, அவனே மறந்துட்டான். நீதான் இன்னும் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருக்க" என்று இவர் சிரித்தார்.

என் பக்கம் நிற்க ஒரு ஜீவனாவது இருக்கிறது என்று நம்பித்தான் மலை ஏறி வந்தேன். நான் முன்சீட்டுக்குப் போகவில்லை. பின்னால் ஏறி, அவனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.