எல்லா மிஷினையும் நிறுத்த நினைத்தவன்

என் கணவருக்கு வலது கை போனது தேயிலை பேக்டரியில். கொழுந்தை நசுக்கி உருட்டும் மிஷினில் அவருக்கு வேலை. அன்று உள்ளே கொழுந்து அடைத்துக்கொண்டது. மிஷினை நிறுத்தாமலே கையை விட்டுத் தள்ளியிருக்கிறார். நிறுத்தினால் மேற்பார்வை பார்க்கும் கிராணி ஏசுவார் என்று எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். நான் மலைச்சரிவில் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொல்லி நான் இறங்கி ஓடுவதற்குள் எஸ்டேட் லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு. திரும்பி வந்தபோது மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் நானும் அவரும் மட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டார். இடது கையால் சோற்றைப் பிசைவதை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எப்படி ஆனது என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "அடச்சிக்கிச்சு, கைய விட்டேன், போச்சு." அதற்கு மேல் பேச்சு வராது.

எஸ்டேட்டில் அவரை பேக்டரி கேட்டுக்குக் காவலாக வைத்தார்கள். லோரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் சாத்த வேண்டும். ஈப்போ ஆஸ்பத்திரியில் தோல் உறையில் இரும்புக் கொக்கி ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கொக்கியால்தான் கேட்டின் தாழ்ப்பாளை இழுப்பார். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்த்தால் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவார்கள்.

அந்தச் சமயத்தில் எஸ்டேட் மண்டபத்துக்கு ஒரு டிவி வந்தது. அதில் வானத்தில் பறந்து வந்து ஆட்களைக் காப்பாற்றும் வீரன் ஒருவனைக் காட்டினார்கள். வந்தது வினை. லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கால்வாய்க் கட்டிலிருந்து குதிக்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் பறப்பவனாக இருக்கத்தான் ஆசை. அடி வாங்கும் வில்லனாக இருக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து கேட்டுப் பக்கமாக வந்தேன். பிள்ளைகள் கூட்டமாக அவர் முன்னால் நின்றார்கள். பேசியது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். எட்டு வயசு இருக்கும். அவளுடைய அப்பாதான் என் கணவருக்குப் பிறகு அதே மிஷினில் வேலைக்கு நின்றவர்.

"மாமா, ஒங்களுக்குத்தான் இரும்புக் கை இருக்கு. நீங்க வில்லனா வாறீங்களா?"

அவர் கொக்கியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"வாறேன். ஆனா வில்லன் கதைய மொதல்ல கேக்கணும். கேட்டுட்டு அப்பறமா அடிங்க."

"வில்லனுக்கு என்னா கதை? அவன் கெட்டவன்லா."

"பொறக்கும்போதே கெட்டவனாவா பொறந்தான்?"

பிள்ளைகள் கால்வாய்க் கட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தார். மலை உச்சியில் ஒரு பேக்டரி. அதில் வில்லன் வேலை செய்கிறான். அப்போது அவன் வில்லன் இல்லை, சும்மா ஓர் ஆள். பறப்பவன் அந்த மலைக்கு மேலே மேகத்தில் இருக்கிறான். உலகத்தில் யார் கத்தினாலும் அவனுக்குக் கேட்கும். ஒரு நாள் தாப்பா ரோட்டு வளைவில் பள்ளிக்கூட பஸ் ஒன்று சறுக்கிவிட்டது. பறப்பவன் பாய்ந்து போய் அதைத் தாங்கிப் பிடித்தான். ஊரே கை தட்டியது. அதே நேரத்தில்தான் பேக்டரியில் இவன் கை மிஷினில் மாட்டியது.

"அவனுக்குத்தான் எல்லாச் சத்தமும் கேக்குமே மாமா?" என்றாள் அந்தப் பெண்.

"கேட்டிருக்கும். பஸ்ஸுல நெறையப் பேரு, இவன் ஒருத்தன். யாரா இருந்தாலும் பஸ்ஸுக்குத்தான் போவாங்க. அதுல தப்பு இல்ல."

"அப்பறம் ஏன் அவன்கூட சண்ட போடுறான்?"

"அவன் மேல கோவமே இல்ல. மிஷின் மேலதான் கோவம். இவன் கத்துனான். கத்திக்கிட்டே இருந்தான். பக்கத்து மிஷின்ல நின்னவனுக்குக்கூட கேக்கல. அவ்ளோ எரைச்சல். அதான் ஒலகத்துல உள்ள எல்லா மிஷினையும் நிறுத்தணும்னு நெனச்சான். கொஞ்ச நேரம் எல்லாம் நின்னாப் போதும், கத்துறவன் சத்தம் கேக்குமில்ல."

நான் முதுகில் கூடையோடு அப்படியே நின்றேன். அவர் கத்தினார் என்பதும் யாருக்கும் கேட்கவில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் சொல்லாததைப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய் விறகை அடுப்பில் வைத்துவிட்டு, பற்ற வைக்கத் தோன்றாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் கதை நடந்தது. வில்லன் ஒரு குகையில் பெரிய சுவிட்சு ஒன்றைச் செய்தான். பறப்பவன் வந்து உடைத்தான். இவன் மறுபடி செய்தான். பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். கொஞ்ச நாளில் துண்டு கட்டுவதை விட்டுவிட்டு, சட்டைக் கைக்குள் கையை இழுத்துக்கொண்டு எல்லோருமே வில்லனாகத் திரிந்தார்கள். நானும் கூடையைத் துடைக்கிற சாக்கில் கேட்டுப் பக்கம் நின்று கேட்பேன். என் கணவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதை விட்டுவிட்டார். கறி நல்லாருக்கு என்றுகூட ஒரு நாள் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரிக்கு மட்டும் பிடிக்கவில்லை. "ஒன் வீட்டுக்காரரு புள்ளைங்களக் கெடுக்குறாரு" என்றாள். "கதைதானேக்கா" என்று சொல்லிவிட்டேன்.

வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறையில் அது நடந்தது. விடாமல் மழை பெய்துகொண்டிருந்த நாள். நான் கொழுந்து லோரியில் மூட்டை இறக்க வந்திருந்தேன். என் கணவர் ரோட்டோரக் கேட்டில் லோரிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். நான் லோரியின் மேலிருந்து அவரைப் பார்த்தபடிதான் வந்தேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் அப்பாவுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவு வழியாக பேக்டரிக்குள் போயிருக்கிறாள். பிள்ளைகள் உள்ளே போகக்கூடாது என்பது கண்டிப்பான சட்டம். ஆனால் அவளுடைய அப்பாதான் காப்பியை உள்ளே கொண்டுவரச் சொல்லிப் பழக்கியிருந்தார்.

அவள் போனபோது மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா கையை உள்ளே விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் காப்பியைத் தரையில் வைத்தாள். சுவரில் இருந்த பெரிய சுவிட்சின் கட்டையைப் பிடித்துத் தொங்கி அதைக் கீழே இழுத்துவிட்டாள்.

பேக்டரி முழுதும் நின்றது. கொழுந்து வருகிற நேரத்தில் அது நின்று நான் கேட்டதே இல்லை. தகரத்தில் மழை விழுவது கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் குரல் வெளியில் லோரியில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அப்பா, கைய எடுங்கப்பா."

மறுபடி எல்லாவற்றையும் ஓட்டுவதற்கு வெகுநேரம் பிடித்தது. காயவைக்கும் அடுப்பில் இருந்த தேயிலைத் தூள் கருகி, லயம் வரைக்கும் நாறியது. துரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். யார் பிள்ளையை உள்ளே விட்டது என்று கிராணி கத்தினார். அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே, "மாமா கதையில சொன்னாரு" என்றாள்.

கிராணி என் கணவர் பக்கம் திரும்பினார். "நீயா சொன்ன?"

அவர் அந்த அப்பாவைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"ஆமாங்க கிராணியாரே. நான்தான் உள்ள விட்டேன். நான்தான் சுவிட்ச எறக்கச் சொன்னேன்."

அன்று வீட்டில் அவரோடு சண்டை போட்டேன். "நீங்க கேட்டுல நின்னத நான் பாத்தேன். எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அவன் வேல போனா அஞ்சு புள்ளைங்க நடுரோட்டுல நிக்கும். வீடும் போயிடும். நமக்கு யாரு இருக்கா?"

"நமக்கு நாம இல்லையா?"

அவர் கொக்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கை போன வஞ்சத்துக்குப் பிள்ளையை ஏவிவிட்டான் என்று லயம் முழுக்கப் பேசினார்கள். கடையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குழாயடியில் எனக்கு இடம் விடுவதுபோல் எல்லோரும் விலகிக்கொள்வார்கள். பிள்ளைகளை யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை எங்கள் வாசல் வரைக்கும் வந்தார். நான் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். செருப்பைக் கழற்றினார், பிறகு மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

காய்கறி லோரி ஒன்றில் சாமான்களை ஏற்றியபோது அந்தப் பெண் மட்டும் வந்து நின்றாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"மாமா, நான் போயி சொல்லிடவா?"

"என்னத்த?"

"நானாத்தான் இழுத்தேன்னு."

"வேணாம். ஒங்கப்பா கை நல்லாருக்குல்ல? போம்மா, மழ தூறுது."

மலையில் இன்னும் மேலே, கியா பார்மில் ஒரு சீன முதலாளியின் பூத்தோட்டத்தில் எங்களுக்கு வேலை கிடைத்தது. அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். எனக்குப் பூ பிரித்துக் கட்டும் வேலை. ஒற்றைக் கைக்காரரை வேண்டாம் என்றுதான் தவுக்கே முதலில் சொன்னார். பிறகு அவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். என் கணவர் தண்ணீர் பாய்ச்சினார், மருந்து அடித்தார். பலகை வீடு, நாள் முழுக்கப் பனி. அங்கேயும் பக்கத்தில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர் யாருக்கும் கதை சொல்லவில்லை. ஒரு பையன் கொக்கியைப் பார்த்து ஏதோ கேட்டான். அவர் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

எண்பதுகளில் அவருக்கு இருமல் வந்து நெஞ்சில் தங்கிவிட்டது. தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் அலைந்தோம். கடைசியில் வீட்டோடு கிடந்தார். ஒரு மத்தியானம், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்த வில்லன் என்னங்க ஆனான்?"

கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லா மிஷினையும் நிறுத்திட்டான். ஒலகத்துல ஒரு சத்தம் இல்ல. அப்பத்தான் ஒருத்தி கத்துறது கேட்டுச்சு. ஆஸ்பத்திரியில அவ கொழந்தைக்கு மூச்சு குடுக்குற மிஷின் நின்னுபோச்சு. பறக்குறவன் எங்கயோ தூரத்துல இருந்தான். வில்லன்தான் கிட்ட. அவனே ஓடிப் போயி சுவிட்ச மறுபடி போட்டுட்டான்."

"பறக்குறவன் வந்து புடிச்சிக்கிட்டானா?"

"வந்தான். அவன்தான் போட்டான்னு ஊரே கை தட்டுச்சு. இவன் எறங்கி வீட்டுக்குப் போயிட்டான்."

"வீட்டுல யாரு இருந்தா?"

"ஒருத்தி இருந்தா," என்றார். "கொழுந்து வெட்டிட்டு அப்பத்தான் வந்தா."

நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டேன். அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

சாவுக்கு அக்கம்பக்கத்தார் கொஞ்சம் பேர் வந்தார்கள். பழைய எஸ்டேட்டிலிருந்து ஒரே ஓர் ஆள்தான் வந்தார், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர். முடி நரைத்திருந்தது. யாரும் கேட்காமலே பாடையின் முன்கட்டைத் தோளில் வாங்கிக்கொண்டு, சறுக்கும் மண் ரோட்டில் கடைசி வரைக்கும் சுமந்தார். எல்லோரும் போன பிறகும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மகள் பினாங்கில் பேக்டரி வேலைக்குப் போய்விட்டாள் என்று சொன்னார். பிறகு, "அக்கா, அன்னைக்கு நான் வாயத் தொறந்திருக்கணும்" என்றார்.

அவரிடம் சொல்வதற்கு எத்தனையோ வருஷமாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். என் கணவருக்கு அவர் மேல் கோபம் இருந்ததே இல்லை. எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அவருடைய இரண்டு கைகளும் பாடையின் கயிறு அழுத்திச் சிவந்து போயிருந்தன. பிரிஞ்சாங் டவுனிலிருந்து கடைசி பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வாரம் வர வேண்டாம் என்று தவுக்கே சொல்லியிருந்தார். நான் மறுநாள் காலையிலேயே பூக்கொட்டகைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.